கியூவுல நின்னு படிக்கிற பொஸ்தகம்

வா நைனா, உக்காரு. மொதல்ல மோர் குடி. குடிச்சிட்டு, செல்போன்ல எழுதி வச்சிருக்கறியே ஒரு பட்டியலு, அத இன்னொரு தபா படிச்சிக் காட்டு. காது கொஞ்சம் மந்தம், மெதுவாவே படி. வர்ற வருஷம் 52 பொஸ்தகம், வாரத்துக்கு ஒண்ணு. அடேங்கப்பா! மாங்கா சீசன்ல கூட நான் இப்படிக் கணக்கு போட்டுக் காய் பறிச்சதில்ல.

ஜப்பான்காரர் நாலு பேரு, நார்வேக்காரர் ஒருத்தரு, சீக்கிரம் பணக்காரன் ஆகறது எப்படின்னு மூணு, காலையில நாலு மணிக்கு எழுந்திருக்கறது எப்படின்னு ஒண்ணு. நாலு மணிக்கு எழுந்திருக்கப் பொஸ்தகம் எதுக்கு நைனா? எருமை ஒண்ணு வாங்கிக் கட்டு. அதுவே எழுப்பும், பாலும் குடுக்கும்.

இதுல உனக்கே ஆசை வந்து சேத்தது எதுன்னு கேட்டா முழிக்கற. பெரிய பெரிய ஆளுங்க சிபாரிசு பண்ணாங்கன்ற. சரிதான். நம்ம மதனப்பள்ளியில 1895-ல பொறந்தாரு ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவரை உலகத்துக்கே குருன்னு சொல்லி ஒரு சங்கம் வச்சி, சிம்மாசனம் போட்டு உக்கார வச்சாங்க. 1929-ல அந்தச் சங்கத்தையே கலைச்சிட்டு, எவன் பின்னாடியும் போகாதீங்கன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. அப்புறம் இன்னா ஆச்சி? அவர் பின்னாடி போற கூட்டம் பெருத்துடுச்சி. யார் பேச்சையும் கேக்காதீங்கன்னு அவர் பேசறதக் கேக்க ஊர் ஊரா ஜனம் உக்காந்துச்சி. உன் பட்டியல்லயும் அவர் இருக்காரு. ஏன் சேத்தேன்னு கேட்டா, எல்லாரும் சொன்னாங்க தாத்தான்ற. அந்த மனுஷன் காதுல விழுந்தா இன்னொரு சங்கத்தக் கலைப்பாரு.

தீர்மானம் போடறதுல தப்பில்ல, போடு. மத்த ஊர்க்காரனுக்கு வருஷத்துல ஒண்ணோ ரெண்டோ புது வருஷம்தான், சித்தூர்த் தமிழனுக்கு மூணு. ஜனவரி 1, யுகாதி, சித்திரை 1. ஜனவரியில போட்டது பொங்கல் கரும்புச் சக்கையோட போச்சின்னா யுகாதியில புதுசா போடலாம். அதுவும் கெட்டா சித்திரை இருக்குது. மூணும் போச்சின்னா, ஆடி வரைக்கும் மாங்கா வேலைன்னு சொல்லிடு, ஒருத்தரும் மேல கேக்க மாட்டாங்க.

யுகாதின்னதும் ஞாபகம் வருது. நம்ம பக்கத்துல வருஷம் தவறாம ஆசையா, முண்டியடிச்சிகினு கேக்கற பொஸ்தகம் ஒண்ணு இருக்குதே, தெலுங்கு பஞ்சாங்கம். யுகாதி அன்னைக்கிக் கோயில்ல அய்யரு உக்காந்து படிப்பாரு. ஒவ்வொரு ராசிக்கும் நாலு கணக்கு வரும்: ஆதாயம் எத்தினி, விரயம் எத்தினி, ராஜபூஜ்யம் எத்தினி, அவமானம் எத்தினி. வரவு செலவு யாரும் சொல்லுவாங்க நைனா. வர்ற வருஷம் உனக்கு மரியாதை 3, அவமானம் 6-ன்னு முன்கூட்டியே எண்ணிச் சொல்ற பொஸ்தகம் வேற எங்க இருக்குது? பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் கூட வாயத் திறந்துகினு கேப்பான். அதுல அவனப் பத்தி இருக்குது. பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவமானம் எத்தினின்றதும் இருக்குது. எந்தப் பொஸ்தகமும் ருசிக்கணும்னா இந்த ரெண்டும் வேணும். நம்மளப் பத்திக் கொஞ்சம், பக்கத்து வீட்டுக்காரனப் பத்தி நெறைய.

வாங்கி அடுக்கி வச்சதப் படிக்காம இருக்கறேன்னு நீ வருத்தப்படறியாமே, உங்கம்மா சொன்னா. அதுக்கெல்லாம் வருத்தப்படாத. அந்த வித்தையில திருமலைக்கு முன்னாடி நீ எம்மாத்திரம்? தாள்ளபாக்கம் அன்னமய்யா 1503-ல கண்ண மூடினாரு. பாடின கீர்த்தனை 32,000-ன்னு சொல்லுவாங்க. பையன் பெரிய திருமலாச்சாரியார் காலத்துல அதையெல்லாம் செப்புத் தகட்டுல வெட்டினாங்க. கரையான் தொட முடியாது, தண்ணி பட்டா அழியாது. கோயிலுக்குள்ளயே, உண்டியலுக்கு எதிர்ல ஒரு சின்ன அறை கட்டி உள்ள வச்சாங்க. பத்திரமா வச்சாங்க. எம்மாம் பத்திரம்னா, அப்புறம் நானூறு வருஷத்துக்குக் கிட்ட ஒருத்தரும் எடுத்துப் படிக்கல. ஜனம் ஜனமா வந்து உண்டியல்ல காசு போட்டுச்சி, எதிர் அறையில இன்னா இருக்குதுன்னு எட்டிப் பாக்கல. 1922-ல கீழ் திருப்பதிக்கு எறக்கினாங்க. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மான்னு பெரியவங்க கண்ணு நோக உக்காந்து படிச்சி அச்சுக்குக் கொண்டாந்தாங்க. அப்புறம்தான் எம்.எஸ். சுப்புலட்சுமி பாட, இன்னைக்கி டீக்கடையில கூட அன்னமய்யா. கெடைச்சது பாதி கூட இல்லன்றாங்க, அது வேற துக்கம். அந்தக் கணக்குல பாத்தா உன் அலமாரிக்கு இன்னும் முந்நூத்தித் தொண்ணூறு வருஷம் வாய்தா இருக்குது. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க. அது செம்பு. உன்னுது காகிதம்.

சரி, கிண்டல் போதும், கேட்டதுக்கு வரேன். வர்ற வருஷம் ருசியா படிக்க இன்னா இருக்குதுன்னு தான கேட்ட? ஒரு பொஸ்தகம் ருசிக்குமா ருசிக்காதான்னு சோதிக்க நம்ம சீமையில ஒரு கருவி இருக்குது. கியூ. சித்தூர்லயும் திருப்பதியிலயும் பொறந்தவன் வாழ்க்கையில பாதி கியூவுல போகுது. அந்தக் கியூ நகர்ந்தது தெரியாம எத நீ படிச்சிகினு நிக்கறியோ, அதான் உன் பொஸ்தகம். நகருதா நகருதான்னு தலையத் தூக்கித் தூக்கிப் பாத்தேன்னா, எழுதினவர் நோபல் பரிசே வாங்கியிருந்தாலும் அது உனக்கு இல்ல, மூடிடு.

படிக்கறதுக்குத் தோதான இடம் எதுன்னு பட்டணத்துப் பிள்ளைங்க கேக்குது. நாற்காலி வேணுமாம், லைட்டு வேணுமாம், காபி வேணுமாம். திருமலை வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸ்ல சர்வ தரிசனத்துக்குப் போய் உக்காரு. வாசல்லயே செல்போன வாங்கி வச்சிக்குவாங்க. ஆபீஸ்காரன் கூப்பிட முடியாது, பொண்டாட்டி கூப்பிட முடியாது, நீயே ஆசப்பட்டாலும் யாரையும் கூப்பிட முடியாது. கம்பார்ட்மென்ட் கதவப் பூட்டிடுவாங்க. பசிச்சா உப்புமா வரும், பால் வரும். நாட்டுலயே இப்படி ஒரு படிப்பகம் எந்தச் சர்க்காரும் கட்டித் தரல. அங்க போயும் ஜனம் இன்னா பண்ணுது? முன்னூறு ரூபா டிக்கெட்காரன் எப்படி முன்னாடி போனான்னு பேசிகினு இருக்குது. நீ இடுப்புல ஒரு பொஸ்தகம் சொருவிகினு போ. சாமி பொஸ்தகம்தான் வேணும்னு இல்ல. கதவு திறந்து எல்லாரும் கோவிந்தான்னு ஓடும்போது, "இரு, இந்தப் பக்கத்த முடிச்சிடறேன்"னு உனக்குத் தோணினா போதும். பெருமாள் ஒண்ணும் கோவிச்சிக்க மாட்டாரு. பின்னாடி நிக்கறவங்க கோவிச்சிக்குவாங்க, அது வேற.

நான் சோதிச்சது மாங்கா கியூவுல. 2025 சீசன் ஞாபகம் இருக்கா? தோத்தாபுரி விலை விழுந்துச்சே. கிலோவுக்கு 12 ரூபா, ஃபேக்டரி 8 குடுக்கணும், மிச்சம் 4 சர்க்கார் குடுக்கும்னு சொன்னாங்க. சொன்னதுக்கும் கைக்கு வர்றதுக்கும் நடுவுல இருக்கறதுதான் கியூ. மாங்கூழ் ஃபேக்டரி வாசல்ல இருந்து மெயின் ரோடு வரைக்கும் டிராக்டரு. மேல காய் வெயில்ல கறுக்குது, கீழ நாங்க. டிரைவர் பையன் டயர் மேல துண்டு விரிச்சிப் படுத்துகினான். நான் பையில இருந்து எடுத்தேன், ‘அவன் காட்டை வென்றான்’. எழுதினவர் டாக்டர் கேசவ ரெட்டி. நம்ம சித்தூர் ஜில்லா கிராமத்துல 1946-ல பொறந்தவர். படிச்சி டாக்டராகி, நிஜாமாபாத் பக்கம் டிச்பள்ளியில தொழுநோய் ஆஸ்பத்திரியில வேல செஞ்சாரு. உடம்பு அங்க, எழுத்து மட்டும் நம்ம ஊர்க் காட்டுல. தமிழ்ல எத்திராஜுலு பண்ணது, நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது, கைக்கு அடக்கமான பொஸ்தகம்.

கதை இன்னா? பன்னி மேய்க்கிற கிழவன். சினைப் பன்னி ஒண்ணு காட்டுக்குள்ள போயிடுச்சி, திரும்பல. ஈட்டிய எடுத்துகினு தேடிப் போறான். அவ்ளோதான். நான் எனக்குள்ள படிச்சிகினு இருந்தேன். டிரைவர் பையன் "கிடைச்சிதா?"ன்னான். எதுன்னேன். "பன்னி"ன்னான். அப்பதான் தெரிஞ்சிது, நான் வாய் விட்டுப் படிச்சிகினு இருந்தேன்னு. அவன் எழுந்து உக்காந்துட்டான். அடுத்த டிராக்டர்காரன் பீடியோட வந்தான், அதுக்கடுத்தவன் வந்தான். கிழவன் மரத்துல ஏறினா இவனுங்க கழுத்தத் தூக்கறானுங்க. முன்னாடி வண்டி எப்ப நகர்ந்துச்சோ, எங்களுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பர்லாங் காலி. பின்னாடி இருக்கறவன் ஹாரன் அடிச்சி, தெலுங்குல இருக்கற கெட்ட வார்த்தை தீர்ந்து, தமிழுக்கு வந்துட்டான். கங்கம்மா ஜாதரையில வேஷம் கட்டினவங்க வாயிலதான் அப்படித் திட்டு கேட்டிருக்கேன். அதுக்கு மேல ஒரு பொஸ்தகத்துக்கு இன்னா மதிப்புரை வேணும்?

உன் பட்டியல்ல ஹெமிங்வே இருக்காரு, பாத்தேன். கடலுக்குப் போன கிழவன். 1952-ல வந்த கதை, நல்ல கதைதான், நான் குறை சொல்லல. கியூபாவுல கடலுக்குப் போன கிழவனத் தெரியும், நம்ம காட்டுக்குப் போன கிழவனத் தெரியாது உனக்கு. கியூபா தேசம் எங்க இருக்குது, உங்க ஆபீஸுக்குப் பின்னாடியா?

கோவம் இல்ல, வேடிக்கைக்குச் சொல்றேன். நம்ம ஜில்லாவோட ஜாதகமே அப்படி. 1911-ல வட ஆற்காட்டையும் கடப்பையையும் கொஞ்சம் கொஞ்சம் கிள்ளி எடுத்து சித்தூர் ஜில்லா பண்ணாங்க. தேதி ஏப்ரல் 1. அப்புறம் எல்லைச் சண்டை, ம.பொ.சி. போராட்டம், எல்லாம் முடிஞ்சி 1960-ல திருத்தணி அந்தப் பக்கம் போச்சி, நாம இந்தப் பக்கம் நின்னோம். அதுக்கும் தேதி ஏப்ரல் 1. 2022-ல திருப்பதியத் தனி ஜில்லா ஆக்கும்போது ஏப்ரல் 4-ன்னு வச்சாங்க. மூணு நாள்ல தப்பிச்சிகினாங்க. ஆக, வீட்டுல தமிழு, பள்ளிக்கூடத்துல தெலுங்கு. ரெண்டு எழுத்தும் தெரிஞ்ச பிள்ளைங்க நாம. ரெண்டுலயும் படிக்காம இங்கிலீஷ்ல வந்த பட்டியல வச்சிகினு அலையற பிள்ளைங்களும் நாமதான்.

இங்கிலீஷ்லயே வேணும்னா அதுலயும் நம்ம ஊரு இருக்குது. கென்னத் ஆண்டர்சன்னு பெங்களூர் வேட்டைக்காரரு. 1954-ல ‘நைன் மேன் ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்’னு எழுதினாரு. அதுல ஒரு அத்தியாயம் பூரா சாமலா பள்ளத்தாக்குல ஆள் தின்ன புலி. சாமலா எங்க இருக்குது? பாகராபேட்டை காட்டுல. நீ பஸ்ஸுல காதுல பாட்டு மாட்டிகினு தூங்கிகினே போற மலைச் சரிவு. கொஞ்சம் மசாலா தூக்கலாத்தான் இருக்கும். வேட்டைக்காரன் உள்ளதை உள்ளபடி சொன்னா அவனுக்கு எவன் காபி வாங்கித் தருவான்? ஆனா ராத்திரி படிக்காத. கொல்லைப்பக்கம் போகத் துணைக்கி என்னைக் கூப்பிடுவ, எனக்கு முட்டி வலி.

சாப்பாட்டுல ஆசை இருந்தா வேற ஒண்ணு சொல்றேன். யாரும் உனக்கு சிபாரிசு பண்ண மாட்டாங்க. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக் கல்வெட்டுத் தொகுதிங்க. ஆறு தொகுதி, 1931-ல ஆரம்பிச்சிப் போட்டது. சாது சுப்பிரமணிய சாஸ்திரின்னு ஒரு மகாராசன் சுவர் சுவரா நின்னு படிச்சாரு. ஆயிரத்துக்கும் மேல கல்வெட்டு, பெரும்பாலும் தமிழ்தான். பேரக் கேட்டாலே கொட்டாவி வருது இல்ல? உள்ள போய்ப் பாரு. 966-ல சாமவைன்னு ஒரு பல்லவ குலத்து அம்மா வெள்ளியில ஒரு பெருமாள் பண்ணிக் குடுக்கறா. இன்னைக்கும் போக சீனிவாசர்னு அவர்தான். அத விடு. சாளுவ நரசிம்மர், கிருஷ்ணதேவராயர் காலத்துக் கல்வெட்டுங்களுக்கு வா. யார் எம்மாம் பணம் குடுத்தான், அதுல தினம் எத்தினி அப்பம், எத்தினி அதிரசம், எத்தினி வடை, எத்தினி சுகியன், எந்தத் திருநாளுக்கு மனோகரம், அதுக்கு எம்மாம் நெய், எம்மாம் வெல்லம், மிளகு எம்மாம்னு ஆழாக்கு உழக்கு வரைக்கும் கணக்கு. நிவேதனம் ஆனதும் நாலுல ஒரு பங்கு குடுத்தவனுக்கே திரும்பி வரும், அதுக்கு ‘விட்டவன் விழுக்காடு’ன்னு பேரு. அந்தப் பங்க இன்னாருக்குன்னு எழுதி வைக்கலாம், பேரப் பிள்ளைங்களுக்கு விடலாம். அந்தக் காலத்துப் புண்ணியவானுங்க சொர்க்கத்துக்கு மட்டும் டெபாசிட் கட்டல நைனா, வடைக்கும் சேத்துதான் கட்டியிருக்கானுங்க. லட்டு எல்லாம் பின்னாடி வந்த சங்கதி. பசியோட அந்தத் தொகுதியத் தொடாத, அவ்ளோதான் எச்சரிக்கை.

தெலுங்கு எழுத்து மறக்கலன்னா நாமினி சுப்பிரமணிய நாயுடு படி. ‘மிட்டூரோடி கதலு’, ‘சினப்ப கதலு’, ‘பச்சநாகு சாட்சிகா’. நம்ம ஜில்லாக் கிராமத்துப் பேச்சு, அப்படியே, குளிப்பாட்டாம, பவுடர் போடாம. சத்தமா படிச்சா நம்ம வீட்டுத் தமிழே நடுநடுவுல எட்டிப் பாக்கும். சிரிச்சிகினே போவ, திடீர்னு தொண்டை அடைக்கும். அதுக்கு நான் பொறுப்பில்ல. அலட்டாம, அமைதியா வேணும்னா மதுராந்தகம் ராஜாராம் சிறுகதை. பள்ளிக்கூட வாத்தியாரு. 1993-ல சாகித்ய அகாதமி குடுத்தாங்க. 2022-ல அவர் பையன் நரேந்திராவுக்கும் குடுத்தாங்க, ‘மனோதர்மபராகம்’ நாவலுக்கு. அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே வீட்டுல அகாதமி. நம்ம வீட்டுல அப்பனுக்கும் பிள்ளைக்கும் ஒரே சக்கரைதான்.

தமிழ்லதான் வேணும்னு அடம் பிடிச்சா கி. ராஜநாராயணனோட ‘கோபல்ல கிராமம்’. 1976-ல வந்தது. தெலுங்கு பேசற குடும்பங்க வடக்கே இருந்து உசிரக் கையில பிடிச்சிகினு தெற்கே ஓடிப் போய், கரிசல் மண்ணுல முள்ளுக்காட்ட அழிச்சி ஊர் பண்ற கதை. நாம தமிழ் பேசிகினு இந்தப் பக்கம் உக்காந்திருக்கறோம், அவங்க தெலுங்கு பேசிகினு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறாங்க. நாம யார்னு தெரிஞ்சிக்க அவங்க கதையப் படிக்கறது சுத்துவழிதான். ஆனா திருமலைக்கே சுத்துவழியில போனாத்தான வேடிக்கை?

இப்ப இன்னொரு சமாச்சாரம். ஆரம்பிச்சா முடிச்சே ஆகணும்ன்ற வியாதி உனக்கு உங்க அப்பன் கிட்ட இருந்து வந்தது. அவன் தட்டுல போட்ட உப்புமா கூட முடிக்காம எழுந்திருக்க மாட்டான். பொஸ்தகத்துக்கு அந்த மரியாதை வேணாம். பக்கத்தத் தாண்டு, நடுவுல இருந்து ஆரம்பி, கடைசிய மொதல்ல படி, பிடிக்கலன்னா தூக்கிப் போடு. இத நான் சொன்னா கிழவன் உளர்றான்னு சிரிப்ப. அதனால கேட்டுக்க, பிரான்சு தேசத்துல டேனியல் பென்னாக்னு ஒரு வாத்தியாரு 1992-ல ஒரு பொஸ்தகம் போட்டு, படிக்கறவனோட உரிமைங்கன்னு பத்து எழுதி வச்சாரு. பக்கத்தத் தாண்டற உரிமை, முடிக்காம விடற உரிமை, படிக்காமலே இருக்கற உரிமை எல்லாம் அதுல இருக்குது. பாத்தியா, இப்ப தலைய ஆட்டற.

காசு போட்டு வாங்கறதுக்கு முன்னாடி லைப்ரரிக்குப் போ. இது தர்மத்துக்குச் சொல்லல, வயித்தெரிச்சல்ல சொல்றேன். வீட்டு வரி ரசீத எடுத்துப் பாரு, அதுல லைப்ரரிக்குன்னு ஒரு வரி இருக்கும். சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் மெனக்கெட்டு 1948-ல மதராஸ் மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வர வச்சாரு, அப்ப நம்ம ஜில்லாவும் மதராஸ்தான். ஆந்திரா ஆகி எல்லாம் மாறினாலும் அந்த வரி மட்டும் மாறல. நாள் தவறாம உக்காந்து டீ குடிக்கற திண்ணைக்குக் கூட நாம இப்படி வரி கட்டல. கட்டின காசுக்காவது போய் ஒரு தபா தும்மிட்டு வா, அங்க தூசி நெறைய.

வாங்கறதுன்னா ஜனவரியில மெட்ராஸ் புத்தகக் காட்சி இருக்குது. 1977-ல இருந்து நடக்குது. திருப்பதியில பஸ் ஏறினா மத்தியான சாப்பாட்டுக்கு நந்தனம். ஒண்ணு கேட்டுக்க, அங்க செல்போனப் பாத்துகினு நடக்காத. பங்கனபள்ளிய நீ எப்படி வாங்குவ? பேரு எழுதின அட்டையப் பாத்தா வாங்குவ? எடுத்துக் காம்புகிட்ட மோந்து பாக்க மாட்ட? அப்படியே நடுப்பக்கத்தத் தெற. நின்ன இடத்துல ரெண்டு பக்கம் படி. மூணாவது பக்கத்த உன் கை தானாப் பொரட்டுச்சின்னா கடைக்காரன் கிட்ட கழிவு கேளு. பொரட்டலன்னா வச்சிட்டுப் போ, கடைக்காரனும் ஒண்ணும் சொல்ல மாட்டான், அவனுக்கே தெரியும். தடிச்ச பொஸ்தகமா பாத்து வாங்கறது உன் இஷ்டம். தூக்கத்துல நழுவிக் கால்ல விழுந்தா புத்தூர் கட்டு பக்கத்துலதான், கவல இல்ல.

படிச்சத போட்டோ பிடிச்சிப் போடறத மட்டும் கொஞ்சம் நிறுத்து. காபி டம்ளர் பக்கத்துல பொஸ்தகம், அதுக்குப் பக்கத்துல ஒரு பூ. மூணுல எத மொதல்ல முடிச்ச, காபிதான?

பிடிக்கற பொஸ்தகம் எதுவும் அகப்படலன்னா உங்க ஆயாவக் கேளு. நான் இம்மாம் நேரம் பேசினேனே, இந்த வீட்டுல நிஜமா படிக்கறவ அவதான். சின்ன வயசுல அம்புலிமாமா வேதாளம் கதையில ஆரம்பிச்சா. அப்புறம் யண்டமூரி வீரேந்திரநாத். ‘துளசிதளம்’ வந்த காலத்துல, அடுப்புல பால் பொங்கி வழியுது, இவ விறகு மேல உக்காந்துகினு பில்லி சூனியம் படிக்கறா. ராத்திரி விளக்கு அணைக்க விடல. என்னையே ஒரு மாசம் சந்தேகமா பாத்தா. அந்தப் பொஸ்தகம் இன்னும் அவ டிரங்குப் பெட்டியில புடவைக்கு அடியில இருக்குது. சும்மா கேட்டா தர மாட்டா, தைலம் வாங்கியாந்து குடுத்துட்டுக் கேளு. முன்னாடி கொஞ்சம் பக்கம் எலி தின்னுட்டுது. அதுல இன்னா இருந்துச்சின்னு கேட்டா ஒரு வரி விடாம சொல்லுவா. சொல்லிகினே போய் கடைசியில துளசிக்கு இன்னா ஆச்சின்றதையும் சேத்து சொல்லிடுவா. அதுக்கு முன்னாடி எழுந்து ஓடியாந்துடு.